தலைவருக்கு நான் எழுதிக் கொடுத்த இரண்டு வரி

தலைவர்கள் மேடையில் பேசுகிற தமிழை எழுதிக் கொடுப்பது யார் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். மலேசியாவில், ஈப்போ பக்கம் பல வருடங்களாக அது நான்தான். சிலிபினில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஃபாரம் நிரப்புவது, மனு டைப் செய்வது, போட்டோஸ்டேட் எடுப்பது எல்லாம் அங்கே நடக்கும். பொங்கலோ தீபாவளியோ தேர்தலோ வந்துவிட்டால் கட்சிக்காரர்கள் போன் செய்வார்கள். தலைவர் தமிழில் நான்கு வரி பேச வேண்டும், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் வாக்கியத்தை ரூமியில், அதாவது மலாய்க்காரர்கள் எழுதும் ஆங்கில எழுத்தில், பெரிதாக அடித்து அசை அசையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மேடை ஏறுவதற்கு முன்னால் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கவும் வைக்க வேண்டும்.

அவர் வணக்கம் என்று சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் விசிலடிக்கும். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் கைதட்டல்தான். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாருக்கும் எழுதியிருக்கிறேன். எல்லாருக்கும் அதே நான்கு வரிதான். நீங்கள் என் குடும்பம், உங்கள் உழைப்பை நாடு மறக்காது, இன்னும் இப்படி இரண்டு. எழுதி எழுதி எனக்கே குமட்டும்.

அந்தப் பொங்கலுக்கு ஆளுங்கட்சித் தலைவர் வருகிறார் என்று போன் வந்தபோது மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என் தம்பி சரக்குக் கப்பலில் இஞ்சின் மெக்கானிக். லூமுட்டில் ஒரு படகுப் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு கப்பலுக்குப் போனவன். மேற்கே போர் நடக்கும் கடல் வழியாக வந்த அவன் கப்பலை, சண்டை போடும் நாடுகளில் ஒன்று மடக்கித் தன் துறைமுகத்தில் நிறுத்தி வைத்திருந்தது. இரண்டு மாதம் ஆகியிருந்தது. கப்பலில் மலேசியர்கள் மூன்று பேர். முதல் வாரத்தில் ஒரு தடவை போன் செய்தான். சாப்பாடு இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றான். குரலைக் கேட்டதுமே பயப்பட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அவன் மனைவி என் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. மற்ற இரண்டு பேருடைய மனைவிகளும் கிள்ளானில் இருக்கிறார்கள். கப்பல் பிடிபட்ட இரண்டாவது வாரமே அவர்கள் இவளைக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் சேர்ந்து பத்திரிகைக்காரர்களை வரவழைப்போம், அந்த நாட்டுத் தூதரகத்தின் முன்னால் போய் நிற்போம் என்றார்கள். இவளும் கிளம்பத் தயாராகத்தான் இருந்தாள். அப்போதுதான் அதே ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர் வீடு தேடி வந்தார். தலைவரே இந்த விஷயத்தை நேரடியாகப் பேசிக்கொண்டிருக்கிறார், நீங்கள் வெளியே வாய் திறந்தால் காரியம் கெட்டுவிடும், பொறுத்திருங்கள் என்றார்.

இவள் பொறுத்தாள். கிள்ளான் பெண்களிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நிருபர் ஒருவர் வந்தபோது கேட்டைக்கூடத் திறக்கவில்லை. தினமும் வேலை முடிந்து என் கடைக்கு வந்து, அந்தத் தொழிற்சாலைச் சட்டையோடு நின்று, தலைவர் இன்றைக்குப் பேசியிருப்பாரா என்று கேட்பாள். பேசியிருப்பார் என்று சொல்லி அனுப்புவேன். வேறு என்ன சொல்வது.

அதனால்தான் எழுதித் தர ஒப்புக்கொண்டேன். பத்து நிமிடம் அவர் பக்கத்தில் உட்காரப் போகிறேன். ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். பேசினீர்களா, என்ன பதில் சொன்னார்கள்?

விழா நடந்தது ஈப்போவுக்கும் காம்பாருக்கும் நடுவில் இருக்கும் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, தோட்டமும் இல்லை. சுற்றிலும் செம்பனை. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். கோயிலும் திடலும் பழைய கிராணி ஆபீசும் மட்டும் மிச்சம். கணக்கெழுதும் கிராணி உட்கார்ந்திருந்த அந்த அறையில் ஒரு சோபாவையும் காற்றாடியையும் கொண்டுவந்து போட்டுத் தலைவர் தங்க ஏற்பாடு செய்திருந்தார்கள். வெளியே வெயிலில் ஜனங்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். என் தம்பி மனைவியைச் செயலாளரே வேனில் கூட்டிவந்து இரண்டாவது வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

உள்ளே தலைவரும் அவருடைய ஆலோசகரும் மட்டும் இருந்தார்கள். ஆலோசகருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக்கையை முழங்கை வரை மடித்துவிட்டு, இரண்டு போன்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டு விவகாரத்தில் இவர் சொல்வதுதான் நடக்கும் என்று செயலாளர் என் காதில் சொல்லிவிட்டு வெளியே போனார். நான் தாள்களோடு ஓரமாக உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. தமிழ் எழுத வந்த பெண்ணுக்கு ஆங்கிலம் எங்கே தெரியப்போகிறது என்ற நினைப்பு. முப்பது வருடமாக இந்த ஊர் ஜனங்களுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதுகிறவள் நான்.

பேச்சு அந்தப் போரைப் பற்றித்தான். அடுத்த மாதம் ஒரு மாநாடு வருகிறது. அதில் இரண்டு தரப்புக்கும் நடுவில் உட்கார்ந்து சமாதானம் பேசும் இடம் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று தலைவர் ஆசைப்பட்டார். ஆலோசகர் அதற்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். போரைப் பொதுவாகக் கண்டியுங்கள், யாரிடமும் குறிப்பாக எதையும் கேட்காதீர்கள் என்றார். கப்பலை விடச் சொல்லி அதைப் பிடித்து வைத்திருக்கும் நாட்டிடம் கேட்டால் அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள் ஆகிவிடுவோம். எதிர்ப்பக்கம் இருக்கும் வல்லரசுக்கும் கோபம் வரும், வர்த்தகப் பேச்சு கெட்டுப்போகும். இதை ஏதோ மளிகைக்கடையில் எதை எடுப்பது எதை விடுவது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

தலைவர் காற்றாடியைப் பார்த்தபடியே, இதுவரை நாம் ஒரு போன்கூடப் போடவில்லைதானே என்று கேட்டார். போடவில்லை, மாநாடு முடியும்வரை போடவும் கூடாது என்றார் ஆலோசகர். பிறகு, தலைவரின் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"மூன்று பேருக்காக ஒரு மாநாட்டைக் கெடுத்துக்கொள்ள முடியாது, டத்தோஸ்ரீ."

அந்த மூவரில் ஒருவனின் குடும்பம் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறது, நான் பார்க்க வேண்டாமா என்று தலைவர் கேட்டார். அந்த மட்டுக்கும் அவருக்கு உறுத்தல் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆலோசகர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பார்த்தால் படம் எடுப்பார்கள், படம் வந்தால் கேள்வி வரும் என்றார். மலாய்ப் பேச்சில் கப்பலைத் தொடவே வேண்டாம், தூதரகத்துக்காரர்கள் அதை வரி வரியாகப் படிப்பார்கள். தமிழில் ஒரு வரி சொல்லிவிடுங்கள், அதை யாரும் குறித்துவைக்கப் போவதில்லை, இங்கே இருப்பவர்களுக்கும் மனசு நிறைந்துவிடும் என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல மலாயில், புவான் என்று மரியாதையாகக் கூப்பிட்டுச் சொன்னார். கப்பலில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காகத் தலைவர் தினமும் பேசிக்கொண்டிருக்கிறார், விரைவில் வந்துவிடுவார்கள் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள், புவான். தலைவர் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை அதிகம் என்று கப்பைத் தள்ளி வைத்தார்.

கேட்க வந்த கேள்விக்குக் கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது. இனி வாய்விட்டுக் கேட்டால் கிடைக்கப்போவது பொய்தான். அந்தப் பொய்யையும் என் கையாலேயே எழுதச் சொல்கிறார்கள். ஏழு வாரமாகத் தினமும் கடைக்கு வந்து நின்றவளின் முகம் கண்முன் வந்தது.

பேனாவை எடுத்தேன். ரூமியில் இரண்டு வரி எழுதினேன்.

கப்பலில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பேசவில்லை. மாநாடு முடியும்வரை பேசப் போவதும் இல்லை.

ஆலோசகர் தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். அது கப்பல். மலாயிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். அதைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியில் தலையசைத்துத் தாளைத் தலைவரிடம் கொடுத்தார். நான் தலைவரை அந்த இரண்டு வரியை ஐந்து தடவை சொல்ல வைத்தேன். 'பேசவில்லை' என்பதில் தடுமாறினார். திருத்தினேன். வேறு எந்த வரிக்கும் நான் அவ்வளவு பாடுபட்டதில்லை.

"பெத்துல் கா, புவான்?" என்று கேட்டார். சரியாக இருக்கிறதா என்கிறார்.

"பெத்துல், டத்தோஸ்ரீ," என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மேடையில் அவர் மலாயில் இருபது நிமிடம் பேசினார். சமாதானம், மனிதநேயம், சிறிய நாடுகளின் மானம். எல்லாம் வந்தது, கப்பல் மட்டும் வரவில்லை. நான் பந்தல் ஓரமாக நின்று காத்திருந்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் அப்படியே வாயடைத்துப் போகும், செயலாளர் முகம் வெளுக்கும், யாராவது ஒருவர் எழுந்து என்ன சொன்னீர்கள் என்று கேட்பார், அந்த இடத்திலேயே இவர்கள் முகமூடி கிழியும். இப்படியெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் வணக்கம் என்றார், விசில் பறந்தது. நீங்கள் என் குடும்பம் என்றார், கைதட்டினார்கள். பிறகு தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு வரியையும் படித்தார். தடுமாறவே இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது.

கைதட்டினார்கள். முன்பைவிடப் பலமாகத் தட்டினார்கள். உறுமி மேளம் வேறு சேர்ந்துகொண்டது. எங்கள் செயலாளர், தமிழ்ப்பள்ளியில் படித்த மனிதர், மேடை ஓரத்தில் நின்று தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினார். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் தன் மனைவியிடம், "நம்ம ஆளுங்களே இவ்ளோ சுத்தமா பேச மாட்டாங்க லா," என்றார். அவர் பிடரியில் ஒன்று போட வேண்டும் போலிருந்தது. ஆலோசகர்மேல் வந்ததைவிட என் ஜனங்கள்மேல் எனக்கு அதிகக் கோபம் வந்தது. தமிழில் பேசினாலே போதும், என்ன பேசினார் என்று பார்க்க வேண்டாம் என்று நாமே பழகிவிட்டோம். பழக்கிவிட்டவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டாவது வரிசையில் ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கைகள் மடியில் இருந்தன. மேடையைப் பார்க்காமல் திரும்பித் திரும்பிக் கூட்டத்தில் யாரையோ தேடினாள். என்னைத்தான் தேடுகிறாள் என்று புரிந்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். ஒருத்தியாவது கேட்டாளே என்று நினைத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து அவளிடம் போனேன்.

"அண்ணி, அது நீங்க எழுதுனதா?" என்றாள்.

ஆமாம் என்றேன். உள்ளே ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதைத்தான் தமிழில் எழுதினேன், அவருக்கு என்ன படிக்கிறோம் என்று தெரியாது, இதுவரை ஒரு போன்கூடப் போடவில்லையாம் என்று குனிந்து மளமளவென்று சொல்லி முடித்தேன். அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்றுகூட நினைத்தேன் போலிருக்கிறது. அவள் முகம் அப்படியே இருந்தது. மேடையில் அடுத்த ஆளை அழைத்தார்கள், மறுபடியும் கைதட்டல். அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இத என்னைய தனியா கூப்பிட்டு சொல்லிருக்கலாமே, அண்ணி. இத்தன பேரு கைதட்ட தட்டவா நான் இத கேக்கணும்?"

அவர் வாயாலேயே அதை வரவழைக்க வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்தேன். அது போய் விழப்போவது அவள் காதில் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. மூன்று பேருக்காக மாநாட்டைக் கெடுக்க முடியாது என்று சொன்னவன்மேல் அவ்வளவு ஆத்திரப்பட்டேன். என் பழிவாங்கலுக்கு முன்னால் அவள் ஒருத்தி எனக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

அவள் எழுந்தாள். செயலாளர் ஓடிவந்து, இன்னும் சாப்பாடு இருக்கிறது, வேன் நான்கு மணிக்குத்தான் என்றார். "வேணாம்ணே, நான் வாரேன்," என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கோயில் பக்கமாக நடந்தாள். தூரத்திலிருந்து பார்த்தேன். பேச ஆரம்பித்தவள் பாதியில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மறுபடியும் பேசினாள். கிள்ளான் பெண்களிடம்தான்.

அந்த இரண்டு வரி வீடியோவைத் தலைவரின் ஆட்களே பெருமையாகப் பரப்பினார்கள். தூய தமிழில் தலைவர் என்று மேலே எழுதியிருந்தது. மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் காணாமல் போனது. செயலாளர் கடைக்கு வந்து கத்தினார். நீங்களும்தானே அண்ணே கைதட்டினீர்கள் என்றேன். அதோடு போய்விட்டார். இப்போது எனக்கு எந்தக் கட்சியிலிருந்தும் போன் வருவதில்லை.

அதற்கு முன்பே, விழாவுக்கு மறுநாள் காலையிலேயே, அவள் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். என்னை வரச் சொல்லவில்லை. மூன்று பெண்களும் தூதரக வாசலில் நின்ற படத்தைச் செய்தியில்தான் பார்த்தேன். தம்பி இன்னும் வரவில்லை. ஆனால் அந்தப் படம் வெளிவந்த இரண்டாவது வாரம் அவனிடமிருந்து ஒரு போன் வந்தது. அதை எனக்கு அவள்தான் வந்து சொன்னாள், எப்போதும் போல அண்ணி என்றுதான் கூப்பிட்டாள். அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் பரவாயில்லை அண்ணி என்று சொல்லிவிடுவாள். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.