ஒன்பதால் வகுத்தால் மீதி ஆறு

ஆறுமுகனுக்கு உகந்தது ஆறு என்று சொல்லி, வண்டி வாங்கினாலும் சிம் கார்டு வாங்கினாலும் நம்பரைக் கூட்டிப் பார்ப்பவர்கள் திருத்தணியில் அதிகம். எங்கள் தாய்மாமா பஸ் டிக்கெட்டைக்கூட விடமாட்டார். கூட்டும் வேலை மட்டும் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் தலையில் விழும். எரிச்சலாக வரும்.

பி.எஸ்சி. கணக்கு முடித்திருந்த அக்காதான் பாவம் பார்த்து ஒரு சுருக்குவழி சொல்லிக்கொடுத்தாள். எவ்வளவு பெரிய எண்ணானாலும் அதிலுள்ள ஒன்பதுகளையும், சேர்ந்தால் ஒன்பதாகும் இலக்கங்களையும் அடித்துவிட வேண்டும். மிஞ்சியதை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டினால் மாமா கேட்கும் எண் கிடைத்துவிடும்; முழு எண்ணையும் ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியும் அதுதான். இலக்கங்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் அது மாறாது.

அந்த வருஷம் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். லுங்கி வியாபாரம், நல்ல வசதி. அக்காவுக்கோ வேலூரில் எம்.எஸ்சி. சேர ஆசை. நைனா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்கிறோம் என்றவர்களிடம் மாமாவின் நம்பர்தான் இருந்தது. ஞாயிறும் வந்துவிட்டது, போன் வரவில்லை. நைனா மாமாவை வீட்டுக்கு வரவழைத்துக் கேட்டார்.

“அந்த நம்பர தூக்கிப் போட்டுட்டேன் பாவா. கூட்டினா எட்டு வந்துகினு இருந்துச்சி. ஒண்ணும் வெளங்கல. இப்போ ஆறு வர்ற மாதிரி புதுசு வாங்கிக்கினேன்.”

எட்டு என்றதும் நைனாவின் குரல் இறங்கிவிட்டது. “சரி, நமக்குக் குடுப்பின இல்ல” என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. எத்தனை முறை கூட்டிய நம்பர் அது!

“எட்டு இல்ல நைனா, அதுவும் ஆறுதான்!”

மாமா கண்ணைக் காட்டினார். அக்கா தரையைப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம் என்று ஒரு வார்த்தை என் காதில் போட்டிருக்கலாம்; அந்தக் கோபம் எனக்கு இன்றும் உண்டு. மாமா தன் தப்பை மறைக்கிறார் என்று நினைத்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்து இலக்கத்தையும் எழுதி, ஒன்பதால் வகுத்து, மீதி ஆறு என்று நைனாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“ராசியான நம்பரயா தூக்கிப் போட்ட?” என்று மாமாவிடம் கத்திவிட்டு, நைனா சட்டையை மாட்டிக்கொண்டு பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினார். சாயங்காலம் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துக்கொண்டுதான் திரும்பினார்.

அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். கண் சிவந்திருந்தது.

“யாருடி உன்ன கூட்டச் சொன்னது?”

“நீதான சொல்லிக்குடுத்த?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அலுத்துப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டைத் தேடிக் கொடுத்தவளுக்கு இதுதானா மரியாதை? ஒருவேளை எங்கேயாவது பிசகியிருக்குமோ என்று தாளை விரித்து, மறுபடி முதலிலிருந்து வகுத்துப் பார்த்தேன். அப்போதும் ஆறுதான் மிஞ்சியது.