கிளியோபாட்ரா வந்த தீவுக்கு நாங்களும் போனோம்

எங்கள் ஊருக்குப் பக்கத்து வாகைகுளத்தில் விமானம் ஏறும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. நான் கட்டிய பெட்டியை அவிழ்த்துத் தன் பாணியில் கயிறு போட்டுக் கட்டினார் என் வீட்டுக்காரர். இருபத்து நான்கு வருடம் கப்பலில் போசனாக, அதாவது மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரியாக, கயிறுகளையும் ஆட்களையும் அதட்டி வேலை வாங்கியவர். விடுப்பில் வந்தால் மூன்று மாதம். அதற்கு மேல் நாங்கள் சேர்ந்தாற்போல் ஒரே வீட்டில் இருந்ததில்லை. போன மாதம் வேலையை விட்டுவிட்டார். "சேந்து இருந்து பழகுங்கம்மா" என்று மகள்தான் கிரேக்க நாட்டுச் சாமோஸ் தீவுக்கு டிக்கெட் எடுத்தாள். ஆனால் கம்பெனி மறுபடியும் அவரைக் கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகத்தில் ஃபெர்ரி ஏறினோம். "இங்க எத்தனையோ தடவ வந்திருக்கேன். துறைமுகக் கேட்டத் தாண்டுனதில்ல" என்றார். மறுநாள் காலை தீவில் ஃபெர்ரியைக் கயிறு போட்டுக் கட்டியவர்களுக்கு மேல்தளத்திலிருந்தே கைகாட்டி உத்தரவு போட்டார். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது.

தீவின் வாத்தி நகரில் அறை எடுத்திருந்தோம். விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து தரையைத் துடைப்பார். நான் வைத்த மாத்திரை, துணி எல்லாம் இடம் மாறும். நானும் லேசுப்பட்டவளா? எந்த பஸ், எந்தக் கடை என்று அவரைக் கேட்காமலே முடிவு செய்தேன். வீட்டில் கேட்க ஆளில்லாமலே பழகிவிட்டது. சுட்ட சாளை மீன் ஒரு தட்டு பத்து யூரோ. எங்கள் ஊரில் அந்தக் காசுக்குக் கூடையோடு தருவார்கள்.

வியாழக்கிழமை டாக்சியில் கிரேக்க தேவி ஹேராவின் பழைய கோயிலுக்குப் போனோம். நூற்றுக்கு மேல் தூண்கள் இருந்த இடத்தில் இன்று நிற்பது ஒன்றே ஒன்று. டாக்சிக்காரர் ஆங்கிலத்தில் சொன்னார்: "போருக்குப் போகுமுன் ஆண்டனியும் கிளியோபாட்ராவும் இந்தத் தீவில் ஆட்டம் பாட்டமாக இருந்தார்கள். அவருக்குப் படை, அவளுக்கு நாடு. இரண்டு பேருமே உத்தரவு போட்டுப் பழகியவர்கள்."

"அப்படியானால் சண்டை வந்திருக்குமே?" என்றேன்.

"வராமலா? ஆனாலும் அவர் கப்பல் ஏறியபோது அவளும் கூடவே போனாள்."

என் வீட்டுக்காரர் அன்று ராத்திரி கம்பெனி அனுப்பியதைப் போனில் எடுத்துத் திரும்பவும் படித்தார்.

வெள்ளிக்கிழமை திரும்பும் ஃபெர்ரி. தீவின் மலை தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கரையில் மலை ஏது? உப்பளம் முடிந்தால் கடல். அவர் கையில் போனை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.

"ஏளா, நான் வீட்டுலயே கெடந்தா உனக்கு எடைஞ்சலா இருக்குமோ? வேணும்னா இன்னும் ஒரு வருசம் போயிட்டு வந்திருதேன்."



"எடைஞ்சல்தான்" என்றேன். "எடைஞ்சலாவே இருங்க."

கம்பெனிக்கு அவர் பதில் அனுப்பி முடிக்கும்வரை நகராமல் பக்கத்திலேயே நின்றேன்.