பேத்திக்காக நான் எழுதிய இரண்டு பிரமாணப் பத்திரங்கள்

பூந்தமல்லிப் பக்கத்தில் யாரை அறிமுகம் செய்துகொண்டாலும் இரண்டாவது கேள்வி, "சொந்த ஊரு எது?" என்பதுதான். ரங்கூன் என்பேன். "அது சரி சார், பொழைக்கப் போன ஊரு. சொந்த ஊரு எது?" என்பார்கள். நான் பிழைக்கப் போகவில்லை, பிறந்தேன் என்று சொன்னால், எதையோ மறைக்கிறவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். சர்க்கார் தாள்களில் என் பெயர் 'தாயகம் திரும்பியவர்'. ஐம்பத்தாறு வயதுவரை கண்ணால் பார்த்திராத இடத்துக்கு ஒருவன் எப்படித் திரும்புவான்? ரங்கூன் துறைமுக அலுவலகத்தில் முப்பது வருஷம் தாள் தயாரித்தவன் நான். இப்படி ஒரு சொல்லை என் மேஜையைத் தாண்ட விட்டிருக்க மாட்டேன்.

என்னோடு கப்பலில் வந்து வியாசர்பாடியிலும் செங்குன்றத்திலும் இருப்பவர்களுக்கும், வர மறுத்து அங்கேயே தங்கிவிட்ட சிலருக்கும் இதை எழுதுகிறேன். மனு எழுதத் தெரிந்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களால் இவ்வளவு கெடுதல் செய்ய முடியாது.

என் மகன் ஆவடித் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். காட்டுப்பாக்கத்தில் அவன் வீட்டில் இருக்கிறேன். சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்துக் கரையான்சாவடிக்குப் போவேன். அங்கே சாராள் அம்மா என்ற விதவையின் வீட்டில் தாத்தா பாட்டிகள் பத்துப் பேர் கூடிப் பேரப்பிள்ளைகளுக்காக ஜெபிப்போம். பத்து மணிக்கு என்று சொல்லி, முக்கால் மணி நேரம் கழித்துத் தொடங்கும் கூட்டம். அங்கே கேட்கப்படுகிறவை சாதாரணமானவை. ஒருவர் பேரன் பம்பாய்க்கு ஓடிப்போனான், திரும்ப வேண்டும். ஒருத்தி பேத்திக்குத் திக்குவாய். இன்னொருவர் பேரனுக்கு ஆவடியில் அப்ரெண்டிஸ் இடம் வேண்டும். என் விண்ணப்பம் மட்டும் நாலு வருஷமாக மாறாதது: ரங்கூனில் இருக்கும் என் பேத்தி ரூபி இங்கே வந்து சேர வேண்டும்.

ரூபி என் மகள் லில்லியின் குழந்தை. லில்லி அங்கே தபால் இலாகாவில் இருந்த ஒரு பர்மியரைக் கட்டிக்கொண்டாள். பிரசவத்தில் அவள் போனாள். காசத்தில் அவர் போனார். அவருடைய தாய் குழந்தையை வளர்த்தாள். ஞானஸ்நானத்தில் நாங்கள் வைத்த பெயர் ரூபி. அந்த வீட்டில் அவள் பெயர் கின் மார். எங்களை வெளியேறச் சொன்னபோது என்னிடம் எல்லாருக்கும் தாள் இருந்தது, அவளுக்கு இல்லை. அவள் அந்த நாட்டுப் பிரஜையின் மகள். துறைமுகத்தில் கன்னத்தில் தானாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசி, பாட்டியின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து வயது. தினமும் அதே துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவன்தானே நான்? "போபோ, சாயந்திரம் மோஹிங்கா வாங்கிக்கொண்டு வா" என்றாள். போபோ என்றால் தாத்தா. மோஹிங்கா, மீன் குழம்பு ஊற்றிய சேமியா. சரி என்றேன்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சும்மா இருக்க எனக்குப் பயிற்சி இல்லை. மனுவுக்கு மேல் மனு போட்டேன். 'சிறுமியின் தந்தை அந்நாட்டவர், எனவே பரிசீலிக்க இயலாது' என்று ஒரே பதில் வந்தது. அந்த வாக்கியத்தை ஒரு மழைக்காலம் முழுக்க வைத்துப் பார்த்தேன். அதில் ஒரு ஓட்டை தெரிந்தது. பர்மிய வழக்கத்தில் இருவர் ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்ந்து, ஊரார் அவர்களைக் கணவன் மனைவி என்று ஏற்றுக்கொண்டால் அதுவே கல்யாணம். பதிவேடு கிடையாது. பதிவு இல்லையென்றால் காகிதத்தில் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லையென்றால் குழந்தை தாயைச் சேர்ந்தது. தாய் இந்தியப் பிரஜை. பிரமாணப் பத்திரம் எழுதி, பூந்தமல்லியில் நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டு, மூன்று நகல் எடுத்து, இங்கே உள்ள அலுவலகங்களுக்கும் ரங்கூன் குடியேற்ற அலுவலகத்துக்கும் அனுப்பினேன். 'என் மகளின் திருமணம் எங்கும் பதிவு செய்யப்படவில்லை.' ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அன்று சாராள் அம்மா வீட்டுக்கு மிட்டாய்ப் பொட்டலத்தோடு போனேன்.

"இன்னா ரங்கூனாரே, ஆண்டவருக்கே மனு போட்டுக்கினு வந்துட்டீங்களா?" என்றார் சாராள் அம்மா. "உங்களுக்கு அவர்மேல நம்பிக்க கீதோ இல்லியோ, ரப்பர் ஸ்டாம்பு மேல நல்லாவே கீது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. எந்த அலுவலகத்திலிருந்தும் அல்ல, ரூபியிடமிருந்து. அவளுக்குத் தமிழ் தெரியாது. பள்ளி நோட்டுத் தாளில் உருண்டை உருண்டையான பர்மிய எழுத்து. அதிகாரி இரண்டு முறை வீட்டுக்கு வந்தாராம். இனி அவள் வெளிநாட்டவர் பதிவு அட்டை வாங்க வேண்டுமாம். அட்டை இல்லாமல் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத முடியாது. அட்டை வாங்கினால் அதற்கு மேல் படிக்க இடம் கிடைக்காது. பாட்டி சரியாகச் சாப்பிடுவதில்லை. கடைசியில் இரண்டு வரி: 'போபோ, என் அப்பாவும் அம்மாவும் கல்யாணம் செய்துகொண்டவர்கள்தானே? நீங்கள் என்ன எழுதினீர்கள்? தயவுசெய்து திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். நான் வரவில்லை. இது என் ஊர்.'

என்னை ஒரு தாளால் வெளியே தள்ளினார்கள் என்று பத்து வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தேன். அதே வேலையை என் பேத்திக்கு நானே செய்திருக்கிறேன், சுத்தமான கையெழுத்தில், மூன்று நகல்களில். என் செத்துப்போன மகளைக் கல்யாணமாகாதவள் ஆக்கியிருக்கிறேன். அந்த அதிகாரியை நான் குறை சொல்ல முடியாது. வந்த தாளுக்கு அவர் சரியான நடவடிக்கை எடுத்திருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் வரவேண்டாம், அவள் பரீட்சை எழுதுவதற்காக ஜெபியுங்கள் என்றேன். கூட்டத்தை நடத்துகிற தேவசகாயம் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். பூந்தமல்லியிலேயே பிறந்து, அதைத் தாண்டி யோசிக்க அவசியம் ஏற்படாத மனிதர்.

"இன்னா நைனா இது? நாலு வருசமா முட்டி தேய ஜெபம் பண்ணிக்கினு கீறோம். வண்டி பொறப்பட்ற நேரத்துல செவப்புக் கொடி காட்றீங்களே?"

"வண்டி தப்பான லைனில் போகுது."

"பரீட்ச இன்னா பெரிய பரீட்ச? அங்க கொயந்த புத்தர் செலைக்கு முன்னாடி உய்ந்து கும்பிட்டுக்கினு கீது. அத்த மீட்டுக்கினு வர்றதுதான் ஆண்டவர் சித்தம்."

"அந்தச் சிலைக்கு முன்னாடி ஒரு கிழவி அவளுக்காகத்தான் உட்கார்ந்து வேண்டிக்கிறாள். உங்களை மாதிரி வாரம் ஒரு தடவை இல்லை, தினமும். பால் ஊட்டினவள் அவள். நான் கப்பலேறினவன்."

"ஐய, சண்ட போடாதீங்கப்பா, காபி ஆறிப்போவுது" என்றார் சாராள் அம்மா. "அந்தக் கெயவியும் பேத்திக்காவத்தானே கேக்குது? யார்கிட்ட கேட்டா இன்னா?"

"சாராளு, நீ சும்மா கீறியா? இது விசுவாசக் கொறச்சல்" என்றார் தேவசகாயம். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் என் பேத்தி வருவதற்காக எல்லாரும் உபவாசமிருந்து ஜெபிப்பது என்று தீர்மானமாயிற்று. எனக்காக, என்னைக் கேட்காமல். சர்க்கார்கூட ஒரு நோட்டீஸ் கொடுக்கும்.

திங்கட்கிழமை அதே நோட்டரியிடம் போனேன். இந்தத் தடவை எழுதியது: அந்நாட்டு வழக்கப்படி என் மகளுக்கு முறையாகத் திருமணம் நடந்தது, நான் சாட்சி. பிறந்த குழந்தை அந்நாட்டுப் பிரஜை. முந்தைய மனுவை வாபஸ் பெறுகிறேன். அவளுக்குக் காப்பாளர் என்ற உரிமையை இப்போதும் இனி எந்தக் காலத்திலும் கோரமாட்டேன்.

வக்கீல் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், 'எந்தக் காலத்திலும்'னு எழுதணுமா? நாளைக்கு அந்தப் பொண்ணே வரணும்னு சொன்னாலும் நீங்க கேக்க முடியாதே."

"அது இல்லாவிட்டால் அங்கே இருக்கிற குமாஸ்தா ஒரு கேள்வி எழுதி ஃபைலைத் திருப்புவான். அவள் பரீட்சை போய்விடும். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் திருப்புவேன்."

கையெழுத்துப் போட்டேன். தபாலில் சேர்த்தேன். அது எப்போது போய்ச் சேரும், பரீட்சைக்கு முன்பா பின்பா, எனக்குத் தெரியாது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை போகாமல் இருந்திருக்கலாம். போனேன். என் பேத்திக்கு எதிராக அத்தனை பேர் கேட்கும்போது அவள் பக்கம் ஒரு ஆளாவது இருக்க வேண்டும் என்று தோன்றியது. நடுவில் என்னை முழங்கால் போட வைத்து, எல்லாரும் என் தலையிலும் தோளிலும் கை வைத்தார்கள். இங்கே ஜெபம் என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் உரக்கக் கத்துவது. ரங்கூன் கோயிலில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் ஆமென் சொல்வோம். 'கொண்டு வாரும், கொண்டு வாரும்' என்று சுற்றிலும் இரைச்சல். தமிழில் நான் எதிர்த்துக் கேட்டால் இவர்கள் காதில் விழும். அதனால் பர்மிய மொழியில் கேட்டேன். அவளை அங்கேயே வை, அவள் பெயரை அந்த ஊர்ப் பதிவேட்டில் வை, நான் எழுதியதை அழித்துவிடு என்று. பத்து வருஷமாகப் பேசாத மொழி, தங்கு தடையில்லாமல் வந்தது. கொஞ்ச நேரத்தில் கடவுளிடம் பேசுகிறேனா அவளிடம் பேசுகிறேனா என்று தெரியவில்லை. "மலாபா நெ, மலாபா நெ" என்று அழுதுகொண்டிருந்தேன். வராதே, வராதே என்று பொருள்.

இரைச்சல் நின்றுவிட்டிருந்தது. கண்ணைத் திறந்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"அந்நிய பாஷ!" என்றார் தேவசகாயம். அவர் கண்ணிலும் தண்ணீர். "ஸ்தோத்திரம்! நம்ம ரங்கூனாருக்கு ஆவியானவர் பாஷ குட்த்துட்டாரு!" பரிசுத்த ஆவி இறங்கினால் கற்றறியாத மொழி வாயில் வரும் என்பது இவர்கள் நம்பிக்கை. அப்புறம் கண்ணை மூடி, கையை உயர்த்தி, அதற்கு அர்த்தமும் சொன்னார். "கொயந்த வந்துகினு கீது. கடலத் தாண்டி வந்துகினு கீது."

அல்லேலூயா என்று வீடே அதிர்ந்தது. அது பர்மிய மொழி என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன கேட்டாய் என்று கேட்பார்கள். அந்த மனிதர் வேறு என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதுகொண்டிருந்தார். முதல் தடவையாக இந்த ஊரில் என்னை யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

சாராள் அம்மா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு பூப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு வந்தார். "எம் பேத்திக்குன்னு வாங்கினது. உங்க பேத்தி வந்து எறங்குனா போட்டுக்க ஒண்ணு வாணாமா? நானே தச்சுத் தர்றேன். உசரம் எவ்ளோ கீது, காட்டுங்க."

பதினைந்து வயதுப் பெண். கையை நீட்டினேன். அது என் இடுப்பருகே போய் நின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் எவ்வளவு உயர்த்துவது என்று எனக்குத் தெரியவில்லை.