பெயரைச் சொல்லாமல் முடிந்த ஹிட்லர் பேச்சு

ஒரு மாதமாகியும் அந்த ஹால் திரைச்சீலையில் கருகிய எண்ணெய் மணம் போகவில்லை...

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஈஸ்ட் ஹாமில் எங்கள் தமிழ்ச் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த சர்ச் ஹால். தொண்ணூறுகளின் தொடக்கம். கலைவிழா அன்று வடைச் சட்டியில் நெருப்புப் பிடித்து, குசினிச் சுவர் கறுத்துவிட்டது. யாருடைய கவனயீனம் என்று கடைசிவரை தெரியவில்லை. தலைவர் சிவபாதம் அங்கிள் உடனே அவசரக் கூட்டம் வைத்தார்.

"நிலைமை சரியாகுமட்டும் கமிட்டி வேண்டாம். எல்லாத்தையும் நானே பாக்கிறன்."

எல்லோரும் கையை உயர்த்தினார்கள். செயலாளராக இருந்த என் அப்பாவும்தான். தன் பதவி போவதற்குத் தானே கை உயர்த்திய மனிதர்! அங்கிளும் அப்பாவும் ஊரிலிருந்தே சிநேகிதர்கள், இங்கே ஒரே பாக்டரி. அங்கிளின் காரில்தான் அப்பா வேலைக்குப் போவார்.

அப்போதுதான் தமிழ்ப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி வந்தது. தலைப்பு, 'நான் படித்த வரலாறு'. மற்றப் பிள்ளைகளுக்கு அம்மாமார் எழுதிக் கொடுத்தார்கள். என் அம்மாவுக்கு ஷிப்ட். எனக்குப் பதினைந்து வயது, ஜி.சி.எஸ்.இ. பள்ளிப் பரீட்சையின் ஹிஸ்டரிக்காக மண்டைக்குள் இருந்தது ஒன்றே ஒன்று... ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சியைப் பிடித்த கதை. அதையே எழுதினேன். நல்ல பேச்சாளர்கள் ஆளின் பெயரைக் கடைசியில்தான் சொல்வார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நானும் ஹிட்லரைக் கடைசி வரியில் ஒளித்து வைத்தேன்.

"சபையோரே! மக்கள் வேலையின்றிச் சோர்ந்திருந்த வேளையில் ஒருவர் வந்தார். 'எல்லாவற்றையும் நானே சரிசெய்வேன்' என்றார். பெரியவர்கள் சிலர், 'இவரைக் கதிரையில் இருத்துவோம், கயிறு நம் கையில்தானே' என்று நினைத்தார்கள்."

முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"பின்னர் ஒருநாள், சபை கூடும் மண்டபத்தில் தீப்பிடித்தது!"

ஹாலே அமைதியானது. என் பேச்சுத் திறமைதான் காரணம் என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினேன்.

"அதைக் காட்டி அவர் முழு அதிகாரமும் கேட்டார். ஒரேயொரு கட்சிதான் எதிர்த்தது. மற்றவர்கள் கொடுத்துவிட்டார்கள்!"

பின்வரிசையில் விசில் பறந்தது. அப்பா கதிரைக்குள் புதைந்துகொண்டிருந்தார்.

"அந்த மனிதர் யார் தெரியுமா? அவர்தான்..."

டிங்!

நேரம் முடிந்த மணி. அடித்தவர் சிவபாதம் அங்கிள். மணிப் பொறுப்பையும் அவரே எடுத்திருந்தார். மணி அடித்தால் நிறுத்த வேண்டும் என்பது விதி. நான் விதிப்படி நன்றி, வணக்கம் சொல்லி இறங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை கார் வரவில்லை.

அப்பா இரண்டு பஸ் மாறி, மழையில் நனைந்து போனார். அது பரவாயில்லை. பாக்டரியில் சாப்பாட்டு நேரத்தில் அங்கிள் வேறு மேசையில் போய் இருந்ததுதான் அப்பாவால் தாங்க ஏலவில்லை. ஒரு வாரம் வீட்டில் சரியாகப் பேசவேயில்லை. எனக்கு அழுகையாக வந்தது. சனிக்கிழமை என்னையும் என் ஹிஸ்டரிப் புத்தகத்தையும் கூட்டிக்கொண்டு அங்கிள் வீட்டுக்குப் போனார்.

"அண்ணை, பிள்ளை உங்களைச் சொல்லேல்லை. அவள் சொன்னது ஹிட்லரை!"

"என்னை ஹிட்லர் எண்டோ சொன்னவள்?"

"இல்லை அண்ணை, ஹிட்லரைத்தான் ஹிட்லர் எண்டு சொன்னவள்!"

நான் அவசரமாகப் புத்தகத்தை நீட்டினேன். அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பக்கம் வாசித்தார். தேத்தண்ணீர் ஆறியது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, அந்தச் சனம் ஏன் பேசாமல் எல்லாத்தையும் குடுத்தது?"

பரீட்சைக்கு நாலு காரணம் பாடமாக்கியிருந்தேன். முதலாவதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"விடிஞ்சால் வேலைக்குப் போகவேணுமெல்லே அண்ணை... உங்கடை காரிலை."

அங்கிள் அப்பாவையே பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு... கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். அடுத்த ஞாயிறே கமிட்டியைக் கூட்டினார். அதற்குப் பிறகும் அவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டைதான், ஆனால் ஒரே காரில் வந்து சண்டை பிடித்தார்கள்.

இருவரும் இப்போது இல்லை. ஆள் கிடைக்காததால் நான்தான் சங்கத் தலைவி. போன மாதம் வாட்ஸ்அப் குழுவில், 'கொஞ்ச நாளைக்கு எல்லா முடிவையும் நானே எடுக்கிறேன்' என்று போட்டேன். பத்து நிமிடத்தில் வரிசையாகக் கட்டைவிரல்கள்.

'எவ்வளவு நாளைக்கு?' என்று ஒருவராவது கேட்பார் என்று பின்னேரம் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவரும் கேட்கவில்லை.