வாய் விலை, பத்திர விலை

2024 நவம்பர் 11, திங்கட்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். வானம் மூடிக் கிடந்தது. தூறல் விட்டு விட்டுப் போட்டது. மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வந்த காற்றில் அழுகிய முட்டை வாடை. காலடிப்பேட்டையில் ஒரு பத்திர எழுத்தர் கடையில் உட்கார்ந்து, நான் வாங்கப்போகும் வீட்டின் கிரயப் பத்திர நகலைப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் விலை போட்டிருந்தது: இருபத்தாறு லட்சம்.

நான் பேசி முடித்த விலை நாற்பத்திரண்டு லட்சம்.

"இன்னா நைனா அப்டிப் பாக்குற?" என்றார் புரோக்கர். "இருபத்தாறு கவருமெண்ட்டு கைடுலைன் ரேட்டு. மீதி பதினாறக் கைல குடுத்துரு. ஊரே அப்டித்தான் பண்ணிக்கினு கீது."

ஊர் செய்வது எனக்கும் தெரியும். ஒவ்வொரு தெருவுக்கும் அரசாங்கம் ஒரு வழிகாட்டி மதிப்பு குறித்து வைத்திருக்கிறது. அதற்குக் கீழே எழுதினால் பதிவு ஆகாது. அதற்கு மேலே எவரும் எழுதுவதில்லை. மேலே உள்ளது வாய் விலை. வாய் விலைக்கு முத்திரைத் தீர்வை கிடையாது, ரசீது கிடையாது, வரி கிடையாது. அரசாங்கத்துக்கும் இது தெரியும். துறைமுகத்தில் முப்பத்தொரு ஆண்டு கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். பதினாறு லட்சத்தைத் துணிப்பையில் கட்டிக் கொண்டுவா என்கிறார்கள் என்னிடம்.

எழுந்து போயிருப்பேன். போக முடியவில்லை. ராயபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தது மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஈஸ்டருக்குப் பிறகு அவள் பூசைக்கு இறங்கியதே இல்லை. ஜன்னலில் நின்று கோவில் மணியைக் கேட்பாள், அவ்வளவுதான். தரைத்தளமாக ஒன்பது வீடு பார்த்தேன். எட்டில் வாசலிலேயே படி. படி இல்லாதது இது ஒன்றுதான். இதை விட்டால் வியாசர்பாடி ஆள் ஒருவர் கையில் பணத்தோடு நிற்கிறார் என்று புரோக்கர் தினமும் மிரட்டிக்கொண்டிருந்தார்.

"முழு விலையையும் எழுதுங்கள்" என்றேன்.

சாட்சிக் கையெழுத்துக்காக வந்திருந்த ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். அந்தக் கட்டடத்தின் எட்டு வீடுகளுக்கும் சங்கச் செயலாளர்.

"சார், நீங்க நாப்பத்திரண்டுன்னு எழுதினா நாளைக்கு எங்க தெரு கைடுலைனே ஏறிடும். நாங்க விக்கும்போது அந்த வரிய யாரு கட்றது?"

போன மாதம் வீடு பார்க்கப் போனபோது இதே மனிதர் என்னை அரை மணி நேரம் நிற்க வைத்துப் புலம்பினார். போன மழையில் முழங்கால் தண்ணீர், இறைக்க மோட்டார் வரவில்லை, சாக்கடை அள்ள ஆள் வரவில்லை, கவர்மெண்ட் என்ன செய்கிறது என்று. அரசாங்கத்துக்குப் போக வேண்டியதை மடியில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது.

எதிரே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், விற்பவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்கு எமகண்டம். நான் மாதா கோவிலுக்குப் போகிறவன், எனக்கு அது இல்லை. அவருக்கு உண்டு.

"முழுசா எழுதினா எனக்கு வரி வரும் சார். ரெண்டு லட்சம் சேத்துக் குடுங்க, எழுதிக்கிறேன்."

"ஒன்றரை."

"சரி, ஒன்றரை."

"அப்படியானால் விலை நாற்பத்து மூன்றரை லட்சம். அதையே எழுதச் சொல்லுங்கள்."

அவர் என்னைப் பார்த்தார். "அந்த ஒன்றரைக்கும் எனக்கு வரி வருமே."

"வரும்."

"அத யாரு குடுக்கிறது?"

"நான் கொடுத்தால் அதையும் எழுத வேண்டும். அதற்கும் வரி வரும்."

"பெருசு, இது எமகண்டம் முடியங்காட்டியும் முடியாது போலகீதே" என்றார் புரோக்கர். "எமனே வந்து கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு."

விற்பவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விடுங்க சார். அத நானே கட்டிக்கிறேன்."

பத்திர எழுத்தர் மூன்றாம் பக்கத்தைத் திருத்தி அடித்தார். விலை கூடியதால் தன் கூலியும் கூடும் என்றார். எட்டாயிரம் பன்னிரண்டாயிரம் ஆனது.

அடுத்த வியாழக்கிழமை பதிவு. பதிவு அலுவலகம் முதல் மாடியில். வீடு இருவர் பெயரிலும் இருந்ததால் மனைவியும் வர வேண்டியிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினாள்.

"மாடி ஏற வேணாம்னுதான வூடு வாங்குறோம்" என்றாள். "அதுக்கு எதுக்குங்க மாடி ஏறணும்?"

அவளுடைய இன்னொரு கையை நான் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தது. அதிகாரி விலையைப் பார்த்தார், தெருவின் மதிப்பைப் பார்த்தார், மறுபடி விலையைப் பார்த்தார். "இது டைப்பிங் மிஸ்டேக்கா?"

"இல்லை. அதுதான் விலை."

"அதான் விலைன்னு தெரியும் சார். பத்திரத்துல ஏன் வந்திருக்குன்னு கேட்கிறேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சரிபார்க்க வேண்டும் என்று எங்கள் பத்திரம் ஓரமாக வைக்கப்பட்டது. குறைத்து எழுதிய பத்திரங்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போய்ப் பதிவாகின. பிற்பகல் மூன்றேமுக்காலுக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை என் மனைவி ஒரு இரும்பு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்லியிருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று ஒரு தடவை சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

டிசம்பரில் குடிவந்தோம். செயலாளர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. தெருவின் ரேட்டை ஏற்றப் பார்த்த ஆள் என்று புதிதாக வருபவர்களுக்கு என்னைக் காட்டுகிறார். அதே மூச்சில் தன் வீட்டுக்கு ஐம்பது லட்சம் கேட்கிறார். மெட்ரோ வந்துவிட்டதாம். ராத்திரியில் மணலி வாடை வரும்போது ஜன்னலை மூடுகிறேன். அந்த வாடைக்கும் சேர்த்துத்தான் சதுர அடிக் கணக்கில் கொடுத்திருக்கிறேன். மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலிலிருந்து நேரே ஆட்டோவில் ஏறிப் பூசைக்குப் போய்வருகிறாள். வீட்டைப் பற்றி அவளுக்கு வேறு கருத்து இல்லை.

எனக்கு இருக்கிறது. உண்மையை எழுதியதற்காக மட்டும், விற்பவருக்கு ஒன்றரை லட்சம், நூற்றுக்கு ஒன்பது வீதம் கூடுதல் தீர்வையும் கட்டணமும் ஒரு லட்சத்து ஐம்பத்தேழாயிரத்து ஐந்நூறு, எழுத்தருக்கு நாலாயிரம். புரோக்கரும் எழுதிய விலைக்கே நூற்றுக்கு ஒன்று கேட்டு நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டார். பில் கேட்டேன். "பில்லா? பேஜாரு பண்ணாத நைனா" என்று போய்விட்டார். சாமான் ஏற்றிவந்த லாரிக்கு ஆறாயிரத்து ஐந்நூறு. கிரயம், தீர்வை, கட்டணம், எழுத்தர், புரோக்கர், லாரி எல்லாம் சேர்த்து, படியில்லாத ஒரு வாசலுக்கு நான் கொடுத்தது நாற்பத்தெட்டு லட்சத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.