பட்டு ஜிப்பாவைக் கண்டு கத்திய பெட்டி

மெத்தில் புரோமைடுக்கு வாசனை கிடையாது. ஆளை வீழ்த்திய பிறகுதான் இருப்பதே தெரியும். அறுபதுகளில் செஞ்சி கடைத்தெருவில் ரங்கசாமி செட்டியாரின் மணிலாக் கிடங்கில், நிலக்கடலை வண்டைக் கொல்ல, பூச்சி ஒழிப்புக்காரர்களான நாங்கள் அந்த கேஸைத்தான் விட்டிருந்தோம். மறுநாள் காலை கசிவு பார்க்கப் போனால், கிடங்குச் சுவரை ஒட்டிக் கல்யாணச் சமையல் பந்தல்!

"இன்னிக்கு எம் பொண்ணு கல்யாணம் சார். கடை எப்டியும் மூடித்தான் இருக்குது. அதோட மல்லாட்டை வண்டும் சாவட்டுமேன்னு பார்த்தேன்" என்றார் செட்டியார்.

என்னிடம் இருந்தது கசிவு கண்டுபிடிக்கும் ஹாலோஜன் டிடெக்டர் பெட்டி. உள்ளே பழுக்கக் காய்ந்த பிளாட்டினம். குளோரினோ புரோமினோ உள்ள ஆவி அதில் பட்டால் அயனிகள் பெருகும், கரண்ட் ஏறும், டிக் டிக் சத்தம் வேகமெடுக்கும். பந்தல் விளக்கு லைனிலிருந்து கரண்ட் எடுத்து ஆன் செய்தேன். செட்டியார் குனிந்து பார்த்ததும் பெட்டி அலறியது.

"இன்னா சார், என்னப் பார்த்துக் கத்துது?"

அவருடைய பட்டு ஜிப்பா பாண்டிச்சேரியில் டிரை கிளீனிங் செய்து முந்தின நாள்தான் வந்ததாம். கறை எடுக்கும் திரவத்தில் குளோரின் உண்டு.

செட்டியார் சிரித்துவிட்டார். "அவ்ளோதானா! பட்டுக்கு ஆசைப்படுது. மூடி வைங்க, மாப்ள வீட்டார் வர்ற நேரம்."

"ஜிப்பாவைக் கழற்றித் தள்ளிப் போடுங்க. இன்னொரு தரம் பார்க்கணும்."

"சம்பந்தி எதிர்ல வெத்து உடம்போடவா?"

அப்போது சமையற்காரர் முனுசாமி கரண்டியோடு தள்ளாடி வந்தார். "காலைலேர்ந்து தலை சுத்துதுங்க. அடுப்புப் புகைன்னு நெனச்சேன்."

இதைக் கேட்டுக்கொண்டே வந்த செட்டியாரின் மனைவி கணவரிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கழட்டுங்க."

ஜிப்பா தெருமுனைக்குப் போனது. பெட்டியின் குழலைச் சுவரோரமாக நகர்த்தினேன். அடுப்புக்குப் பின்னால், பாத்திரங்கள் மறைத்திருந்த ஓர் எலிவளையில் பெட்டி மறுபடி அலறியது.

"எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினேன். முகமூடி போட்டுக்கொண்டு வளையைக் களிமண்ணால் அடைத்தேன். காற்று தெளிந்ததைப் பெட்டியால் உறுதி செய்தபின், எதிர்ச்சாரியில் புது அடுப்பு மூட்டினார்கள். டாக்டர் வந்து பார்த்து, முனுசாமியைக் காற்றோட்டத்தில் படுக்கச் சொன்னார். அவர் தெருவில் கட்டிலில் படுத்தபடியே, "சாம்பார்ல புளி போதாது!" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். சட்டையில்லாமல் கைகூப்பி நின்ற செட்டியாரைப் பார்த்த சம்பந்தி ஒரு கணம் திகைத்தார். பெண் வீட்டு வழக்கம் போலும் என்று எண்ணி, தன் சட்டையையும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் பின்னால் வந்த ஆண்கள் அத்தனை பேரும் பொத்தானை அவிழ்த்தார்கள். செட்டியார் மரியாதையாகச் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

இப்போதைய கையடக்கக் கருவிகள் அயனி ஓடும் வேகத்தை வைத்து, இன்ன ஆவி என்றே சொல்லிவிடுகின்றன. எங்கள் பெட்டிக்குக் கத்த மட்டும்தான் தெரியும். ஆனாலும் புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் நான் சொன்னது எந்தக் கருவிக்கும் பொருந்தும்: கத்தியதற்கு ஒரு காரணம் கிடைத்ததும் சுவிட்சை அணைக்காதே. அந்தக் காரணத்தைக் கழற்றித் தூர வைத்துவிட்டு, இன்னொரு தரம் காட்டிப் பார்.