கோவில்பட்டிக்கு வந்த ஹேக்கர்

உலகத்தில் வேறு ஊரே கிடைக்காமல் ஒரு ஹேக்கர் கோவில்பட்டியைத் தேடி வந்து என் கம்ப்யூட்டர் சென்டருக்குள் புகுந்துவிட்டான் என்று மனதார நம்பியவன் நான். போன ஐப்பசியில், உளுந்துக்குப் பயிர்க் காப்பீடு பதியக் கடைசி நாள் அது.

சென்டர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நாகலாபுரம் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஓர் அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், விரல் ரேகைக் கருவி, நான், என் மனைவி. வேலை பார்ப்பவள் அவள், பேசுபவன் நான்.

அன்று காலையிலிருந்தே நெட் நொண்டியது. நாகலாபுரம் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருவர் நிலத்துக்கான சிட்டாவும் அடங்கலும் வைத்த மஞ்சள் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. முளைத்த உளுந்து மழைக்கு ஏங்கி நிற்கிறது. இன்று பதியாமல் போய், அது காய்ந்தும் போனால், ஒன்றும் கிடைக்காது.

அவருடைய ஆவணங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ரூட்டரைப் பார்த்தேன். விளக்கு பேய்த்தனமாகத் துடித்தது. நாங்கள் சும்மா உட்கார்ந்திருக்க, இது யாருக்காக இப்படி உழைக்கிறது? முந்தின நாள் வாட்ஸப்பில் ஹேக்கர் வீடியோ ஒன்றில் பார்த்த முகமூடிக்காரன் நினைவுக்கு வந்தான். அவனேதான்!

"யாரும் எதையும் தொடாதீங்க!" என்று கத்தியபடி ரூட்டர் வயரைப் பிடுங்கினேன். பிரிண்டர் வயரையும் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் மின்விசிறி வயரும் கையோடு வந்து, அதுவும் நின்றது.

"கள்ளன் காத்தாடிக்குள்ளயுமா இருக்கான், அண்ணாச்சி?" என்றார் அக்கா.

மனைவி சிரிக்கவில்லை. "முடியப் போற நேரத்துல பிடுங்கிட்டீங்களே! இனி மொதல்ல இருந்து அடிக்கணும். சைட்டு தொறக்குமோ, தொறக்காதோ."

"அப்ப என் உளுந்து?" என்றார் அக்கா மெதுவாக.

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் நான், மேசைக்கடியில் குனிந்து பிடுங்கிய வயர்களைத் தேடினேன்.

வயரைத் திரும்பச் செருகினோம். பக்கம் திறக்கவில்லை. அதற்குள் பஸ் வந்தது. அக்கா எழுந்தார், பையைப் பார்த்தார், திரும்ப உட்கார்ந்துவிட்டார். எங்கள் கடை நிழலில் நின்ற கூட்டம் ஓடிப்போய் ஏறியது. பஸ் நகர்ந்ததும் நெட் வேகமெடுத்துப் பிய்த்துக்கொண்டு பறந்தது.

"ஓடிட்டான் பாத்தியா!" என்றேன் பெருமையாக.

மனைவி போகிற பஸ்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டினாள். அடுத்த பஸ்ஸுக்கு ஆள் வந்து நிற்க நிற்க, திரையில் ஒவ்வொரு போனாக முளைத்தது.

"இவியதான் உங்க ஹேக்கரு. போயி ஒரு வணக்கம் சொல்லிட்டு வாங்க."

பாஸ்வேர்டை ஊருக்குக் கொடுத்த புண்ணியவான் நான்தான். அரசாங்க சைட் திறக்க நேரமாகும். வந்தவர்களைச் சும்மா உட்கார வைப்பதெப்படி? தண்ணீர் கொடுப்பதுபோல வைஃபை கொடுத்துவிடுவேன். ஒருமுறை பாஸ்வேர்டு போட்ட போன், எதிரே பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் தானாகவே ஒட்டிக்கொண்டது. பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்றவருக்கும் அதைச் சொன்னார்கள். எங்கள் பக்கம் யாரும் எதையும் தனியாகத் தின்பதில்லை.

மனைவி அங்கேயே பாஸ்வேர்டை மாற்றினாள். எல்லாவற்றையும் மறுபடி அடித்து, சாயங்காலத்துக்குள் பதிவு முடிந்தது. ரசீதை மஞ்சள் பைக்குள் பத்திரப்படுத்திய அக்கா, "வெளைஞ்சா ஒங்களுக்கு உளுந்து கொண்டாருதேன். அந்தக் கள்ளனுக்கும் சேத்து" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

பயம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த முறை நியாயமான பயம். நம்பிக் கொடுத்தவர்களின் ஆதார் நகல்கள் இருக்கும் கம்ப்யூட்டரும், வழியில் போகிறவர் போனும் ஒரே வைஃபையில் கிடந்திருக்கின்றன. ரூட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டோ, வாங்கின அன்று பெட்டியில் இருந்ததேதான். ஒருவரும் கை வைக்கவில்லை என்றால் அது என் சாமர்த்தியம் இல்லை, நிழலுக்கு ஒதுங்கியவர்களின் நல்ல மனது. இப்போது கடை வேலைக்குத் தனி இணைப்பு. காத்திருப்பவர்களுக்கு வேகத்தைக் கட்டுப்படுத்திய வேறு வைஃபை. கேட்டால் இன்றும் கொடுக்கிறேன், வேறு பானையிலிருந்து.

முகமூடிக்காரன் வீடியோ இப்போதும் வருகிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்வது இதுதான்: அன்று கடைக்குள் எவனும் புகவில்லை, அந்த அக்காவின் பதிவை நடுவில் அறுத்தது என் கைதான்.